அரசுப் பணத்தில் நடக்கும் பால்வினை நோய்த் தடுப்பு: வேலை நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாவட்டங்களிலிருந்து வரும் பால்வினை நோய் மாத அறிக்கைகளைப் பல வருடம் கூட்டிக் கழித்துப் பார்த்தவன் நான். மருத்துவன் அல்ல, கணக்குப் பார்க்கிறவன். நண்பர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் இதைக் கேட்டது எப்போதும் தாழ்ந்த குரலில்தான்.

நோயாளிகள் குறைந்தால் வெற்றி, கூடினால் தோல்வி. இதில் அளக்க என்ன இருக்கிறது?

முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வட்டாரத்தில் மூன்று மாதம் தொடர்ந்து சிபிலிஸ் பூஜ்யம். ஆய்வுக் கூட்டத்தில் பாராட்டுகூடக் கிடைத்தது. அப்புறம் பக்கத்துப் பத்தியைப் பார்த்தால், செய்த பரிசோதனைகளின் எண்ணிக்கையும் பூஜ்யம். சிபிலிஸ் ரத்தப் பரிசோதனைக்கான ஆர்.பி.ஆர். கிட் தீர்ந்துபோய்ப் புதுசு வந்து சேரவில்லை. நோய் எங்கும் போகவில்லை, கிட்தான் போயிருந்தது.

காய்ச்சல் வந்தவர் தானாக ஆஸ்பத்திரிக்கு வருவார். பால்வினை நோயில் அப்படியில்லை. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. சிபிலிஸ் புண் வலிக்காது, சில வாரங்களில் தானே ஆறிவிடும், கிருமி மட்டும் உடம்பில் தங்கிவிடும். தேடினால்தான் கிடைக்கும் நோய்கள் இவை. ஆகவே ஒரு திட்டம் நன்றாக நடக்க ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று வருடம் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தைத் தோல்வி என்று திட்டினால், அடுத்த வருடம் ஊழியர்கள் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். எண்ணிக்கை அழகாகக் குறையும்.

அதனால் 'எத்தனை பேருக்கு இருந்தது' என்ற எண்ணை 'எத்தனை பேரைப் பார்த்தோம்' என்ற எண் இல்லாமல் யார் காட்டினாலும் நம்பாதீர்கள்.

இந்தியாவில் இப்போது எதை அளக்கிறார்கள்?

முதலில் பின்னணி. நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். 1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோ வந்தது. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவானது. பால்வினை நோய் வேலை எச்.ஐ.வி. வேலையின் தம்பியாகவே நாடு முழுக்க வளர்ந்தது. பணம் அண்ணனுக்கு வரும், தம்பிக்கு மிச்சம். நாக்கோ நடத்தும் தேசியத் திட்டத்தின், 2021-ல் தொடங்கிய ஐந்தாம் கட்டத்துக்கு, 2026 வரை, 15,471.94 கோடி ரூபாய் ஒதுக்கியபோதுதான் திட்டத்தின் பெயரிலேயே 'பால்வினை நோய்' என்ற சொல் ஏறியது.

அளவுகளில் மூன்று வகை உண்டு. அரசு மருத்துவமனைகளில் உள்ள பால்வினை நோய் சிகிச்சை மையங்கள், இத்தனை பேருக்குச் சிகிச்சை தந்தோம் என்று மாதாமாதம் கணக்கு அனுப்பும். பாலியல் தொழிலாளர்கள், திருநங்கைகள், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் ஆகியோருடன் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒரு சிபிலிஸ் பரிசோதனை நடந்ததா என்று காட்ட வேண்டும். மூன்றாவது, அவ்வப்போது நடக்கும் கண்காணிப்புக் கணக்கெடுப்பு. முதல் இரண்டும் 'நாங்கள் என்ன செய்தோம்' என்பது. 'அதனால் என்ன ஆனது' என்பதற்கு மூன்றாவதுதான் கொஞ்சம் பதில் சொல்லும்.

'இலக்கில் 100 சதவீதம் சாதனை' என்று அறிக்கை சொல்கிறதே?

அந்த 100-ஐப் பிரித்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நம் நாட்டில் பெரும்பாலும் ஆய்வகப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல், அறிகுறியை வைத்தே சிகிச்சை தருகிறார்கள். ஏழைகள் திரும்பி வர மாட்டார்கள், வந்த அன்றே மருந்து கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது அதன் நியாயம். நல்ல நியாயம்தான். அதற்காக வண்ண வண்ண மருந்துப் பெட்டிகள் உண்டு. ஆண்குறியிலிருந்து சீழ் வந்தால் சாம்பல் நிறப் பெட்டி: அசித்ரோமைசின், செஃபிக்சிம். வலியில்லாத புண்ணுக்கு வெள்ளைப் பெட்டி, உள்ளே பென்சிலின் ஊசி. பிறப்புறுப்பில் வரும் அக்கி (ஹெர்பிஸ்) புண்ணுக்குச் சிவப்பு. பெண்களுக்கு வெள்ளைப்படுதல் என்றால் பச்சை: செக்னிடசோல், ஃப்ளுகோனசோல்.

மொத்தக் கணக்கில் எப்போதும் பெரிய பங்கு அந்தப் பச்சைப் பெட்டிக்குத்தான். வெள்ளைப்படுதலில் கணிசமான பகுதி பூஞ்சைத் தொற்று அல்லது பிறப்புறுப்பில் இயல்பாக இருக்கும் கிருமிகளின் சமநிலை கெட்டதால் வருவது. யாரிடமிருந்தும் தொற்றி வந்ததல்ல. அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை தேவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'பால்வினை நோய்த் தடுப்பில் சாதனை' என்ற பத்தியில் அவரை எழுதும்போது கணக்கு வேறு கதை சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. மறுபக்கம், அறிகுறியே இல்லாமல் கருப்பை வாயில் கொனோரியா (வெட்டை நோய்) இருக்கும் பெண் இந்த முறையில் கண்ணில் படவே மாட்டார்.

ஒரு மையத்தின் பதிவேட்டை ஒருநாள் வரி வரியாகப் பார்த்தேன். ஒரு மாதத்தில் பச்சை எழுபதுக்கு மேல், சாம்பல் நான்கு, வெள்ளை ஒன்று. இலக்கு எட்டியாயிற்று. நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அம்மா சிரித்துக்கொண்டே, "சார், மாதக் கடைசியில இலக்கு குறைஞ்சா மகளிர் ஓ.பி.க்குப் போய் உட்காருவேன்" என்றார். அவர் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு வரியும் உண்மையான பெண்தான். இலக்கு வைத்தவர்கள்தான் எல்லா வரியையும் ஒரே எடையில் கூட்டிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், பச்சையைத் தனியாகவும் சாம்பலையும் வெள்ளையையும் தனியாகவும் காட்டச் சொல்வேன். ஆண்களின் சீழ் ஒழுக்கு ஒரு நல்ல வெப்பமானி. அது புதுத் தொற்று, அறிகுறி சட்டென்று தெரியும், வேறு நோயோடு குழம்புவது குறைவு.

அமெரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள்? அங்கே சரியாக இருக்குமே?

அளவுகோல் நன்றாக இருக்கிறது. விளைவு அவ்வளவு நன்றாக இல்லை.

அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., மாநிலச் சுகாதாரத் துறைகளுக்குப் பணம் தருகிறது. 2000-களின் நடுவில் அந்தப் பணத்தோடு சில செயல்பாட்டு அளவுகளையும் சேர்த்துக் கட்டியது. அவற்றில் நான் ரசிப்பது, நாட்களை எண்ணும் அளவுகளை. கிளமிடியா இருப்பதாக முடிவு வந்த பெண்களில் எத்தனை பேருக்கு 14 நாளுக்குள், 30 நாளுக்குள் மருந்து போய்ச் சேர்ந்தது? சிபிலிஸ் தொடக்க நிலையில் கண்டறியப்பட்டவர்களில் எத்தனை பேரிடம் 7, 14, 30 நாளுக்குள் பேசி முடித்தார்கள்? ஏனென்றால் முடிவுத் தாள் மேசையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அந்தத் தொற்று வெளியே நடமாடிக்கொண்டிருக்கிறது. 'சிகிச்சை தரப்பட்டது' என்ற டிக் குறியைவிட இரண்டு தேதிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவோ நேர்மையானது. தேதியை ஏமாற்றுவதும் கொஞ்சம் கடினம்.

ஆனால் அளப்பவர் இருந்தால் போதுமா, ஓடுபவர் வேண்டாமா? நோயாளியின் துணைவர்களைத் தேடிப் போகும் களப்பணியாளர்கள்தான் அந்த நாட்டுத் திட்டத்தின் முதுகெலும்பு. கூட்டரசின் நிதி பல வருடம் ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது, விலைவாசியில் அதன் மதிப்பு கரைந்தது, உள்ளூர் கிளினிக்குகள் மூடப்பட்டன. தாயிடமிருந்து கருவிலேயே தொற்றும் பிறவி சிபிலிஸோடு பிறந்த குழந்தைகள் 2012-ல் சுமார் 335. 2022-ல் 3,700-க்கு மேல். அந்த ஆண்டு நேர்வுகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பதை, தாய்க்குக் காலத்தோடு பரிசோதனையும் சிகிச்சையும் கிடைத்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று சி.டி.சி.யே சொன்னது.

எல்லோரும் பிறவி சிபிலிஸையே ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்?

ஒரு குழந்தைக்கு அது வந்தால், அதற்கு முன்னால் பல இடங்களில் கதவு சாத்தியிருந்தது என்று அர்த்தம். கர்ப்பம் தாமதமாகப் பதிவானதா? பதிவாகியும் ரத்தம் எடுக்கவில்லையா? எடுத்தும் முடிவு வரவில்லையா? வந்தும் ஊசி போடவில்லையா? கணவருக்குச் சிகிச்சை தராததால் மறுபடி தொற்றியதா? ஒரே ஒரு நேர்வைப் பின்னோக்கிப் படித்தால் திட்டத்தின் எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரிந்துவிடும். தடுக்கும் மருந்தோ, பழைய, மலிவான பென்சத்தின் பென்சிலின்.

உலக சுகாதார நிறுவனம் இதற்கு ஒரு சான்றிதழே தருகிறது. பிறவி சிபிலிஸ், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 50 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கூடவே, கர்ப்பிணிகளில் 95 சதவீதம் பேராவது கர்ப்பகாலக் கவனிப்புக்கு வந்திருக்க வேண்டும், 95 சதவீதம் பேருக்காவது சிபிலிஸ் பரிசோதனை நடந்திருக்க வேண்டும், நோய் இருந்தவர்களில் 95 சதவீதம் பேராவது சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். அந்த மூன்று 95-களும் இல்லாமல் 50 மட்டும் இருந்திருந்தால், பரிசோதனையே செய்யாத நாடு முதலில் சான்றிதழ் வாங்கியிருக்கும். 2015-ல் கியூபா முதலாவதாக வாங்கியது. 2016-ல் தாய்லாந்து. 2019 டிசம்பரில் இலங்கை. இலங்கையில் வடக்கு கிழக்கு மாவட்டங்கள் உட்பட நாடெங்கும் குடும்பநல மருத்துவிச்சிகள் வீடு தேடிப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்கிறார்கள். அந்த நீண்ட காலப் பழக்கம் இல்லாமல் இந்தச் சான்றிதழ் வந்திருக்காது என்பது என் கருத்து.

இதிலும் நாள் கணக்குதான் உயிர். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் 24 லட்சம் யூனிட் பென்சத்தின் பென்சிலின் ஒரு தடவையாவது போட்டிருந்தால்தான் தாய்க்குப் 'போதுமான சிகிச்சை' என்று கணக்கு. பதிவேட்டில் பார்த்த ஒரு வரியைச் சொல்கிறேன், பெயர் இல்லாமல். பதிவு எட்டாவது வாரம். ரத்தம் எடுத்தது பன்னிரண்டாவது வாரம். முடிவு, நோய் உண்டு. அப்புறம் நீண்ட இடைவெளி. ஊசி போட்ட தேதி, பிரசவத்துக்குப் பதினோரு நாள் முன்னால். அறிக்கையில் இவர் 'பரிசோதிக்கப்பட்டவர்', 'சிகிச்சை பெற்றவர்'. இரண்டு பத்தியிலும் டிக். உண்மையில் சிகிச்சை காலம் கடந்தது. நடுவில் என்ன ஆனது என்று விசாரித்தால், ஊசி ஒத்துக்கொள்ளாமல் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று ஒரு இடத்தில் பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே மருந்து இல்லை. அந்தப் பெண் மூன்று பஸ் மாறிப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்.

தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி உண்டு. கர்ப்பங்களை 'பிக்மி' இணையதளத்தில் பதிவு செய்கிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும் சீக்கிரமே பதிவு செய்ய வேண்டும். ஆகவே வகுக்க வேண்டிய எண், அதாவது மொத்தக் கர்ப்பிணிகள் எத்தனை என்பது, இங்கே ஓரளவு கையில் இருக்கிறது. பல மாநிலங்களில் அதுவே ஊகம்தான்.

90 சதவீதம் என்றால் நல்ல மதிப்பெண்தானே?

ஒரு கண்ணிக்கு நல்ல மதிப்பெண். சங்கிலிக்கு அல்ல. 90 சதவீதம் பேருக்குப் பரிசோதனை, அதில் நோயுள்ளவர்களில் 90 சதவீதம் பேருக்கு முடிவு சொல்லியாயிற்று, அவர்களில் 80 சதவீதம் பேருக்கு ஊசி. பெருக்கிப் பாருங்கள், 65-கூட வராது. மூன்று அதிகாரிகளும் தனித்தனியே நல்ல பேர் வாங்குவார்கள்.

கணவர் அல்லது துணைவருக்குச் சிகிச்சை தந்ததை அளக்க முடியுமா?

அமெரிக்கக் களப்பணியில் இதற்குப் பழைய குறியீடுகள் உண்டு. பேசிய ஒவ்வொரு நோயாளியும் சராசரியாக எத்தனை துணைவர்களைச் சொன்னார், சொன்னவர்களில் எத்தனை பேர் சிகிச்சைக்கு வந்தார்கள் என்று. நம்மூரில் நோயாளி கையில் ஒரு சீட்டு கொடுத்து, "அவரையும் கூட்டிட்டு வாங்கம்மா" என்பார்கள். திரும்பி வரும் சீட்டுகளை எண்ணினால் அளவு கிடைக்கும். நான் பார்த்த பதிவேடுகளில் இந்தப் பத்திதான் எப்போதும் வெறுமையாக இருக்கும். கணவர் துபாயில், கணவர் லாரியில், கணவரிடம் சொன்னால் அடி விழும். இதில் குறைந்த எண்ணை வைத்துக் கவுன்சிலரைத் திட்டுவது அநியாயம். ஆனால் எண்ணே இல்லாமல் விடுவது அதைவிட மோசம்.

ஆணுறை பயன்பாடு கூடியதாகக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. நம்பலாமா?

கேட்டவர் யார் என்பதைப் பொறுத்தது. ஆணுறை கொடுத்த நிறுவனத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "போன தடவை பயன்படுத்தினீங்களா?" என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? கர்நாடகத்தில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். வாக்குச்சாவடி மாதிரி. சிலரைக் கூட்டமாக உட்கார வைத்து, கேள்வியைப் பொதுவாகப் படிப்பார்கள். ஒவ்வொருவரும் மறைவில் சீட்டைப் பெட்டியில் போடுவார்கள், பெயர் கிடையாது. நேர்முகப் பேட்டியில் சொன்னதைவிட ஆபத்தான பழக்கங்கள் இதில் அதிகமாக வெளியே வந்தன.

தாய்லாந்தில் வாய்வார்த்தையை மட்டும் நம்பவில்லை. 1989-ல் ராட்சபுரியில் தொடங்கி 1991-ல் நாடு முழுக்கப் பரவிய '100 சதவீத ஆணுறை' திட்டத்தில், பால்வினை நோயோடு கிளினிக்குக்கு வந்த ஆணிடம் எந்த விடுதிக்குப் போனீர்கள் என்று கேட்டார்கள். நோய் வந்திருந்தால் அந்த விடுதியில் ஆணுறை விதி நடக்கவில்லை என்று பொருள். நோயாளியே தணிக்கையாளர்! பாலியல் தொழிலில் ஆணுறை பயன்பாடு 1989-ல் 14 சதவீதம், 1993 வாக்கில் 94 என்று பதிவானது. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதே காலத்தில் அரசுக் கிளினிக்குகளுக்கு வந்த ஆண்களின் ஐந்து முக்கியப் பால்வினை நோய்கள் 79 சதவீதம் குறைந்தன. சொன்னதும் உடம்பு காட்டியதும் ஒரே திசையில் போனதால் நம்பினார்கள். விடுதிகள் மேல் போலீஸ் அதிகாரத்தைக் காட்டி நடந்த திட்டம் அது. இங்கே அப்படியே செய்தால் பெண்கள் தலைமறைவாகிவிடுவார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நோய் குறைந்தது திட்டத்தால்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்?

சுத்தமாகச் சொல்ல முடியாது. இரண்டு உதாரணம் தருகிறேன்.

1995-ல் தான்சானியாவின் முவான்சாவில் நடந்த சோதனை முடிவு வந்தது. சில ஊர்களில் பால்வினை நோய்ச் சிகிச்சையை மேம்படுத்தினார்கள், சிலவற்றில் இல்லை. மேம்படுத்திய ஊர்களில் புது எச்.ஐ.வி. தொற்று சுமார் 40 சதவீதம் குறைவு. 1999-ல் பக்கத்து உகாண்டாவின் ரக்காயில், எல்லோருக்கும் மொத்தமாகப் பால்வினை நோய் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். எச்.ஐ.வி.யில் வித்தியாசமே இல்லை. அந்த ஊரில் எச்.ஐ.வி. பரவல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, சிகிச்சை எப்போதும் கிடைக்கிறதா அல்லது பத்து மாதத்துக்கு ஒரு தடவையா என்பதெல்லாம் முடிவை மாற்றுகிறது.

இன்னொன்று நம்முடையது. 2003-ல் கேட்ஸ் அறக்கட்டளைப் பணத்தில் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தொடங்கிய 'அவஹான்' என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம், பிறகு அரசின் கைக்கு வந்தது. ஒரு ஆய்வு, முதல் ஐந்து ஆண்டில் சுமார் 1 லட்சம் எச்.ஐ.வி. தொற்றுகளைத் தடுத்ததாக மதிப்பிட்டது. வேறு முறையில் செய்த இன்னொரு ஆய்வு, முதல் நான்கே ஆண்டில் 2 லட்சம், பத்து ஆண்டில் சுமார் 6 லட்சம் என்றது. இரண்டுமே நேர்மையான கணக்குகள். 'திட்டம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்' என்ற நடக்காத உலகத்தை ஆளுக்கொரு விதமாகக் கற்பனை செய்ததால் வந்த வித்தியாசம்.

தனியாரிடம் போகிறவர்கள்?

பெரிய ஓட்டை. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் 'வெட்டை, மேகம், ஆண்மைக் குறைவு, ரகசிய சிகிச்சை' என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பாருங்கள், நமக்கு வரவேண்டியவர்கள் எங்கே போகிறார்கள் என்று புரியும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் வேறு. இவர்கள் யாரும் எந்த அறிக்கையிலும் இல்லை.

என் பெயர் இந்தக் கணக்குகளில் போகுமா?

மேலே போவது எண்கள்தான். எச்.ஐ.வி. நிலையை ரகசியமாக வைக்க 2017-ல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் சிறிய ஊரில் 'திருநங்கை 1, சிபிலிஸ் 1' என்று அட்டவணை போட்டால் பெயர் எழுதவே தேவையில்லை. சிறிய எண்களை மாவட்ட அளவில் சேர்த்துத்தான் வெளியிட வேண்டும்.

சாதாரண ஆளாக நான் என்ன கேட்டுப் பார்க்கலாம்?

பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, போடலாம். (இந்தத் துறையில் ஆர்.டி.ஐ. என்றால் இனப்பெருக்கப் பாதைத் தொற்று என்றும் பொருள். மனுவில் விரித்து எழுதுங்கள், இல்லாவிட்டால் மனு மருத்துவரிடம் போய்விடும்.) 30 நாளில் பதில் தர வேண்டும். 'எத்தனை பேருக்குச் சிகிச்சை' என்று கேட்காதீர்கள், பெரிய எண் ஒன்று வரும். உங்கள் மாவட்டத்தில் கடந்த ஆண்டு பதிவான கர்ப்பிணிகளில் எத்தனை பேருக்குச் சிபிலிஸ் பரிசோதனை நடந்தது என்று கேளுங்கள். நோய் கண்ட நாளிலிருந்து முதல் ஊசி வரை சராசரியாக எத்தனை நாள் ஆனது, ஆர்.பி.ஆர். கிட்டும் பென்சத்தின் பென்சிலினும் எத்தனை நாள் கையிருப்பில் இல்லை என்றும் கேளுங்கள். நான் ஒருமுறை ஒரு நண்பருக்கு எழுதிக் கொடுத்தேன். முதல் கேள்விக்கு உடனே பதில் வந்தது, மூன்றாவதற்குக் கிடங்கிலிருந்து ஒரு தாள் வந்தது. நடுக் கேள்விக்கு மட்டும் 'இவ்வடிவில் தகவல் பராமரிக்கப்படவில்லை' என்று பதில்.